ஓவியர் நின்ற இடம்: பாறையாற்றுப் படங்களும் ஊவாவின் பாதைகளும்

(பதுளையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். படங்களைத் திரையில் காட்டிப் பேசிய சில பகுதிகளும் இடைப்பேச்சுகளும் குறைக்கப்பட்டுள்ளன.)



மலையக வரலாறு பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். துண்டு முறை, குடியுரிமைச் சட்டம், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்று நான் போவேன் என நினைத்திருப்பீர்கள். அவற்றைப் பேச இந்த மாவட்டத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு பழைய படத்தைக் கொண்டு வந்திருக்கிறேன். திரையில் இருப்பது அதுதான்: பாறைகளுக்கு நடுவே விழும் ஓர் ஆறு. பாபநாசத்தில் தாமிரபரணி. தாமஸ் டேனியல், அவருடைய சகோதரன் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் இலண்டனில் அச்சிட்டது. 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட ‘ஓரியண்டல் சீனரி’ என்ற 144 படங்கள் கொண்ட பெருந்தொகுப்பில், 1807ஆம் ஆண்டு வந்த நான்காம் பகுதியில் இது இடம்பெற்றது.

பதுளையில் நின்றுகொண்டு பாபநாசத்தை ஏன் காட்டுகிறேன்? இந்த மண்டபத்தில் இருப்பவர்களின் பாட்டன், பூட்டன் ஊர்களைக் கேட்டால் திருநெல்வேலி, சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை என்றுதான் பதில் வரும். டேனியல்களின் தென்னாட்டுப் படங்களில் இருப்பவை பெரும்பாலும் அந்தச் சீமைகளின் மலையும் ஆறும் கோட்டையும். விட்டு வந்த நாட்டின் படமும் வந்து சேர்ந்த நாட்டின் படமும் ஒரே பாணியில் வரையப்பட்டவை. அந்தப் பாணியை எப்படிப் படிப்பது என்பதே இன்றைய பேச்சு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இத்தகைய படத்தில் அருவியைப் பார்ப்பதற்கு முன், ஓவியர் எங்கே நின்றார் என்று பார்க்க வேண்டும். அங்கே அவர் எந்த வழியில் வந்தார், அந்த வழியை யார் திறந்தார்கள், எதற்காகத் திறந்தார்கள் என்று கேட்க வேண்டும். படத்துக்குள் அகப்படாத வரலாறு அந்த வழியில் கிடக்கிறது.

1.

டேனியல்கள் 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் மூன்றாம் மைசூர்ப் போர் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு முடிந்து, திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் திண்டுக்கல்லும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்திருந்தன. ஓவியர்கள் முதலில் போனது அந்தப் புதிய நிலத்துக்கு. இராயக்கோட்டை, சங்ககிரி, ஜெகதேவி என்று அவர்கள் வரைந்த கோட்டைகள் நேற்றுவரை போர்முனையாக இருந்தவை. பீரங்கி இழுத்த தடத்தில் பல்லக்கு போனது என்று சொல்லலாம். பிறகு திருச்சி, மதுரை, பாபநாசம், கன்னியாகுமரி. 1793 ஜனவரியில் சென்னைக்குத் திரும்பிவிட்டார்கள்.

அந்த 1792 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. ஆர்க்காட்டு நவாபுடன் கம்பெனி செய்த உடன்படிக்கை, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்தது. திருநெல்வேலிச் சீமைக்கு அடுத்த பத்தாண்டுகளில் வந்ததெல்லாம் அந்தக் காகிதத்திலிருந்து கிளம்பியது. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் பாளையங்கள் கடைசியாக எழுந்து அடக்கப்பட்டன. மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் தூக்குமேடைக்குப் போனார்கள்.

ஓவியர் பென்சிலால் கோடு போட்ட ஆண்டுக்கும் இலண்டன் வாசகர் காசு கொடுத்துப் படம் வாங்கிய ஆண்டுக்கும் நடுவில் இவ்வளவும் நடந்திருக்கிறது. படத்தில் தண்ணீர் விழுகிறது, பாறை நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். டேனியல்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வரைகலையில் அவர்கள் மிகவும் கறாரானவர்கள். கண்ணில் படுவதைத் தாளில் விழவைக்கும் இருட்டுப் பெட்டியைக்கூடக் கையோடு கொண்டு போனவர்கள். கறாராக வரைந்த படத்திலும் ஒரு சீமையின் பத்தாண்டுகள் காணாமல் போக முடியும் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

2.

இந்தப் படம் உருவான விதத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். மாணவர்கள் இதைக் கைத்தொழிலாகப் பார்ப்பது நல்லது.

முறையின் பெயர் அக்குவாடின்ட். செப்புத் தகட்டில் முதலில் வெளிக்கோடுகளைக் கீறிக்கொள்வார்கள். பிறகு பிசினை நுண்ணிய தூளாக்கித் தகட்டின்மேல் படியவிட்டு, அடியில் சூடு காட்டுவார்கள். தூள் உருகி மணிமணியாக ஒட்டிக்கொள்ளும். தகட்டை அமிலத்தில் வைத்தால், மணிகளுக்கு இடையே தெரியும் செம்பை மட்டும் அமிலம் அரிக்கும். அரித்த குழிகளில் மை தங்கும். சிறிது நேரம் அரித்தால் வெளிர் சாம்பல், நெடுநேரம் அரித்தால் கடுங்கறுப்பு. எந்த இடம் வெளிராகவே நிற்க வேண்டுமோ அதை வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மற்ற இடங்களை மறுபடி அமிலத்தில் விடுவார்கள். இப்படிப் பலமுறை. அச்சிட்ட பின் நீர்வண்ணத்தைக் கையால் பூசுவார்கள்.

மழைமேகம், ஈரப்பாறை, காட்டின் நிழல் இவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான முறை அன்று இல்லை. கோடு இல்லாமலே நிறம் மெல்ல மாறிக்கொண்டு போகும். ஆனால் அருவியைப் பாருங்கள். வெள்ளை நுரை இருக்கும் இடம்தான் முதலில் வார்னிஷ் பூசி மூடிய இடம். அமிலம் அங்கே ஒரு தடவைகூடப் படவில்லை, மை ஏறவில்லை. நாம் தண்ணீர் என்று வியப்பது வெறும் தாள். சுற்றியிருக்கும் பாறையை எவ்வளவு கறுப்பாக்குகிறார்களோ அவ்வளவுக்குத் தண்ணீர் பாயும். பாறையாற்றுக் காட்சி அச்சோவியர்களுக்கு ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்பதற்குத் தொழில்வழியான காரணம் இது.

இன்னொரு செய்தி. டேனியல்கள் இந்த வேலையைக் கற்றுத் தேறியது கல்கத்தாவில். 1786 முதல் 1788 வரை கல்கத்தா நகரக் காட்சிகள் பன்னிரண்டை அங்கேயே உள்ளூர்த் தொழிலாளர்களை வைத்துத் தயாரித்தார்கள். அந்தத் தொழிலாளர்களின் பெயர் படத்தின் அடியில் இல்லை. அடியில் வரைந்தவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் தேதியும் இருக்கும். இங்கிலாந்தின் அச்சோவிய உரிமைச் சட்டம் 1735 முதல் அதைக் கேட்டது. சட்டம் கேட்காததை யாரும் எழுதவில்லை. ‘ஓரியண்டல் சீனரி’யின் முழுத் தொகுப்பு 210 பவுணுக்கு விற்றது. அந்தக் காலத்து 210 பவுண்! பாபநாசத்தில் பல்லக்குத் தூக்கியவர் அந்த விலையைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

3.

இனி இலங்கைக்கு வருவோம். இங்கே படங்கள் வெளிவந்த ஆண்டுகளை வரிசையாக வைத்தாலே நான் சொல்வது விளங்கும்.

வில்லியமின் தம்பி சாமுவேல் டேனியல் தென்னாப்பிரிக்காவில் வரைந்துவிட்டு இலங்கைக்கு வந்தவர். 1808இல் இலங்கைக் காட்சிகள் பன்னிரண்டைக் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். 1811இல் இங்கேயே இறந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் கரையோரம் மட்டுமே ஆங்கிலேயரிடம் இருந்தது. 1803இல் கண்டிக்குள் நுழைந்த ஆங்கிலப் படை அழிந்திருந்தது. காட்டையும் விலங்கையும் அவ்வளவு நேசித்து வரைந்த மனிதருக்கு, மத்திய மலைகள் அடைத்த கதவாகவே இருந்தன. ஊவா அப்போது கண்டி மன்னனின் நாடு.

கண்டி ஆங்கிலேயர் வசமான 1815இல் அந்தக் கதவு திறந்தது. 1817–18இல் ஊவாவில் கிளர்ச்சி எழுந்தது. அதை அடக்கிய விதம் உங்களுக்குத் தெரியும்: வயல்கள் எரிந்தன, குளங்களும் வாய்க்கால்களும் பாழாயின, ஊர்கள் வெறிச்சோடின, கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொலவின் தலை வெட்டப்பட்டது. அடுத்த ஆண்டே, 1819இல், 73ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த கப்டன் வில்லியம் லிட்டில்டனின் இலங்கைக் காட்சிகள் ஆறு இலண்டனில் அச்சாயின. அதுவும் அக்குவாடின்ட். 1821இல் படை மருத்துவர் ஜோன் டேவியின் நூல் வந்தது. இவர் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் தம்பி. போர் முடிந்த சூட்டோடு ஊவாவில் பயணம் செய்து, அழிந்த நாட்டின் நிலையை எழுதியவர். வாசகர்கள் எழுத்தையும் படத்தையும் சேர்த்தே வாங்கினார்கள். எழுத்தில் அழிவு வந்தது. காட்சிப் படத்தின் இலக்கணம் அழிவுக்கு இடம் தராது. அதற்கு மரம், பாறை, நீர், தொலைவில் நீலமலை போதும்.

1792க்குப் பின் பாராமகால், 1818க்குப் பின் கண்டி மலைகள். இரண்டு இடத்திலும் படை முன்னே போகிறது, பென்சில் பின்னே போகிறது. லிட்டில்டன் விஷயத்தில் இரண்டும் ஒரே ஆளின் கையில் இருந்தன.

4.

படை நடந்த தடம் வண்டிப் பாதையாக மாறியது 1820களில். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டிப் பாதை வெட்டப்பட்டது. சிறுவனாக இருக்கும்போதே படையில் சேர்க்கப்பட்ட தோமஸ் ஸ்கின்னர் அரை நூற்றாண்டு இலங்கையில் பாதை போட்டார். அவருடைய நினைவுகள் 1891இல் நூலாக வந்தன. பாதைக்குக் கல் உடைத்தவர்கள் யார்? 1832இல் ஒழிக்கப்படும்வரை இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தின் பேரில் பிடித்துக்கொண்டு வரப்பட்ட சிங்களக் குடியானவர்கள் ஒரு பக்கம். பயனியர் படை என்ற தொழிலாளர் அணியில் சேர்க்கப்பட்டுத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். கோப்பித் தோட்டத்துக்கு ஆள்கட்டு தொடங்குமுன்பே பாதை வேலைக்கு நம்மவர்கள் வந்துவிட்டார்கள். பாடப்புத்தகங்கள் நம் கதையைக் கோப்பியிலிருந்து தொடங்குகின்றன; சம்மட்டியிலிருந்து தொடங்குவது இன்னும் சரியாக இருக்கும்.

அந்தக் காலத்து ஆற்றுக் காட்சிகளில் மிகவும் விரும்பப்பட்ட ஒன்று பேராதனையில் மகாவலியைக் கடந்த முதிரை மரப் பாலம். 1833 வாக்கில் முடிந்தது. ஒரே வளைவு, 205 அடி நீளம். 1905இல் அதை அகற்றி வேறு பாலம் போட்டார்கள். அந்தப் பாலத்தைப் படத்தில் பார்க்கும்போது பாதை ஒருமுறை முன்னால் வந்து நிற்பதைக் காண்கிறோம். மற்ற இடங்களில் அது ஓவியரின் காலடியில் இருப்பதால் படத்தில் விழுவதில்லை.

இந்தப் படங்களில் வரும் சின்னச் சின்ன மனித உருவங்களையும் கவனியுங்கள். பாறை எவ்வளவு பெரியது என்று காட்ட அவர்களை நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் நடப்பார்கள், உட்காருவார்கள், மாடு ஓட்டுவார்கள். கல் உடைக்கமாட்டார்கள். சம்மட்டியோடு ஒருவனைப் பக்கத்தில் வைத்தால் அருவி கெட்டுப்போகும் என்பது அன்றைய இரசனை.

5.

கோப்பி வந்த பின் படத்தின் தொழிலும் மாறியது, ஆளும் மாறினார். செப்புத் தகடு போய், கல்லச்சும் மரக்கட்டை அச்சும் வந்தன. பெல்பாஸ்ட் ஓவியர் அன்ட்ரூ நிக்கோல் 1846இல் கொழும்புக்கு வந்து ஓவியம் கற்பித்தார். குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட்டோடு 1848இல் வடக்கே பயணம் போனார். 1859இல் வந்த டெனன்ட்டின் ‘சிலோன்’ இரண்டு பாகங்களிலும் அவர் படங்கள் உண்டு. மரக்கட்டைப் படத்தை எழுத்தோடு ஒரே பக்கத்தில் அச்சிடலாம், விலையும் குறைவு. அருவி பணக்காரர் வீட்டுச் சுவரிலிருந்து படிப்பவர் மடிக்கு இறங்கியது.

என் வாதத்துக்கு மிகவும் உதவுபவர் கப்டன் ஓ’பிரையன். 1864இல் டெனன்ட் நூலுக்குத் துணையாகப் பதினைந்து காட்சிகளை வெளியிட்டார். அவர் இலங்கை நில அளவைத் துறையில் பணிசெய்தவர். ஒரே குன்றில் நின்று நிலத்தை அளக்கிறார், படமும் வரைகிறார். அளவை எதற்கு? முடிக்குரிய காணி என்று பிரித்து ஏக்கர் கணக்கில் விற்பதற்கு. அவர் காட்சியில் காடு அடர்ந்திருக்கிறது. அவர் துறையின் வரைபடத்தில் அதே காடு கோடு போட்டுப் பிரிக்கப்படுகிறது.

ஊவாவில் காட்டைத் திறக்கும் வேலை மேஜர் ரோஜர்ஸ் போன்றவர்கள் காலத்திலேயே தொடங்கிவிட்டது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து பாதை வேலைகளையும் கவனித்தவர். யானை வேட்டையால் பெயர் போனவர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை சென்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் நினைவுக் கல் இருக்கிறது. பின்னர் கோப்பி. 1869இல் இதே மாவட்டத்து மடுல்சீமையில்தான் கோப்பி இலையின் துரு நோய் முதலில் தென்பட்டது. பின்னர் தேயிலை. ரயில் 1893இல் அப்புத்தளைக்கு வந்தது, 1924இல் பதுளைக்கு. ரயில் வரும்வரை இங்கே விளைந்தது மாட்டுவண்டியில்தான் இறங்கியது.

ஹென்றி கேவ் 1908இல் வெளியிட்ட ‘புக் ஒப் சிலோன்’ தன்னை ரயில்பாதை வழிகாட்டி என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. பார்க்கத் தகுந்தவை என்று நாம் இன்றும் சொல்லும் பட்டியலில் பாதி, பெட்டியின் ஜன்னலிலிருந்து தெரிந்தவை. தலவாக்கலைப் பக்கத்து அருவிக்கு சென்கிளயர் என்ற தோட்டத்தின் பெயர். அடுத்ததற்கு டெவன் என்ற கோப்பித் துரையின் பெயர். 2012இல் மேல் கொத்மலை மின்நிலையம் இயங்கத் தொடங்கிய பின் சென்கிளயரின் நீர் சுரங்கத்துக்குப் போகிறது. அதற்கு எதிராக எழுந்த குரல்கள் பெரும்பாலும் காட்சி கெடுகிறதே என்பதாகவே இருந்தன. இடம்பெயர்ந்த வீடுகளைப் பற்றிய குரல் அவ்வளவு தூரம் கேட்கவில்லை.

6.

கடைசியாகப் பெரகல. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் பெருந்தெரு இங்கே வந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலவுக்கு ஏறுகிறது. மற்றது கொஸ்லந்த வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. மலை இங்கே சட்டென்று முடிந்து, கீழே தென்சமவெளி விரிகிறது. அச்சோவியருக்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது.

சுற்றியுள்ள அருவிகளை எண்ணிப் பாருங்கள். தியலும 220 மீற்றர். தெருவோரமாக நிற்பதால் எல்லாரிடமும் அதன் படம் இருக்கிறது. எல்ல–வெல்லவாய தெருவில் இராவண எல்லவும் அப்படியே. பஸ்ஸை நிறுத்தி இறங்குகிறார்கள். இலங்கையிலேயே உயரமானது பம்பரகந்த, 263 மீற்றர். கலுபஹனவிலிருந்து மலைக்குள் போக வேண்டும். உயரத்தில் முதலிடம், படத்தில் பின்னிடம். இருநூறு ஆண்டுக்குப் பிறகும் தெருவே படத்தைத் தீர்மானிக்கிறது.

தியலுமவையே எடுத்துக்கொள்வோம். கீழே தெருவில் நிற்பவருக்கு ஒரு வெள்ளைக் கோடு வானத்திலிருந்து விழுகிறது. அந்தத் தண்ணீர் பூனாகலை ஓயா. மேலே அது பூனாகலைத் தோட்டப் பக்கத்திலிருந்து, தேயிலை மலைகளுக்கும் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கும் நடுவே வருகிறது. அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு நீர் என்றால் பீலிக்கரை: குடம் வைக்கும் கல், துணி துவைக்கும் கல், மழைநாளில் கலங்கிவரும் செம்மண். தெருவிலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் இது வராது. வர வழியில்லை, அருவி தொடங்கும் விளிம்பு அதை மறைத்துவிடும்.

அதே சரிவில், கொஸ்லந்தவுக்கு மேலே மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29 காலையில் மண் சரிந்து லயங்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தது. அந்த லயங்களை அங்கே கட்டியவர்கள் அருவியையோ காட்சியையோ பார்த்துக் கட்டவில்லை. வேலை மலைக்குப் பக்கம், தேயிலை நடமுடியாத துண்டு நிலம் என்பதே கணக்கு. மறுநாள் உலகப் பத்திரிகைகளில் வந்த வான்வழிப் படங்களைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. பசுமலை, மேகம், பிளந்து கிடக்கும் செம்மண், ஓரத்தில் எறும்பளவு மனிதர்கள். 1807இன் இலக்கணம் அப்படியே இருந்தது.

அந்தக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தயாரிக்கும் மண்சரிவு அபாய வரைபடத்தை உங்களில் சிலர் பிரதேச செயலகத்தில் பார்த்திருப்பீர்கள். அழகே இல்லாத படம். சரிவின் சாய்வு, மண்ணின் ஆழம், ஊற்று கிளம்பும் இடம், வீடுகள், நிறம் நிறமாகக் கட்டங்கள். பாறையையும் நீரையும் அவற்றின் கீழே இருப்பவர் பக்கத்திலிருந்து கணக்கிடும் படம் இந்த மலைகளுக்கு அதுவரை கிடைத்ததில்லை. பாறையாற்றுப் படங்களின் வரிசையில் டேனியல், லிட்டில்டன், ஓ’பிரையனுக்கு அடுத்ததாக இதைத்தான் வைப்பேன். கலை வரலாற்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் தோட்டத்து ஆற்றையோ பீலியையோ போனில் படம் எடுங்கள். தெருவிலிருந்து ஒன்று, லயத்து வாசலிலிருந்து ஒன்று. அடியில் பழைய அச்சோவியர்கள் போல எடுத்தவர் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். அவர்கள் எழுதாத இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நின்ற இடம், அங்கே போன பாதை. நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத் தாளில் அந்த இடத்துக்குப் புள்ளி வையுங்கள். ஒரு பாடசாலைக்கு ஐம்பது புள்ளி சேர்ந்தால்கூட, ஒற்றையடிப் பாதைகளில் எத்தனை அந்தத் தாளில் இல்லை என்பது தெரிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு இந்த மேடையில் உங்களில் ஒருவர் பேசலாம். அறக்கட்டளையாரிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன்.